தலையீற்று முயல்: சினை பிடித்த நாளிலிருந்து குட்டி கண் திறக்கும் வரை

முதல் தடவை குட்டி போடும் முயலை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் குட்டிகள் கூண்டுத் தரையில் சிதறிக் கிடக்கின்றன, இரண்டு செத்துவிட்டன, தாய் ஒரு மூலையில் உட்கார்ந்து புல் தின்கிறது, குட்டிப் பக்கமே போகவில்லை, என்ன செய்ய? இதற்குப் பதில் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் அந்தக் குட்டிகளைக் காப்பாற்றும் வேலையில் பாதி அதற்கு மூன்று நாலு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டியது. தலையீற்றில் குட்டிகள் சாவது பெரும்பாலும் குளிரில் விறைத்துத்தான். பெட்டி, படுக்கை, தேதி இந்த மூன்றும் சரியாக இருந்தாலே நிறைய உயிர் பிழைக்கும்.

தேதியிலிருந்து தொடங்குங்கள்

ஆடு மாடு மாதிரி முயல் குறிப்பிட்ட இடைவெளியில் பருவத்துக்கு வருவதில்லை. ஆணோடு சேர்ந்த பிறகுதான், அதிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 12 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவருகிறது. இது நமக்கு ஒரு பெரிய வசதி, ஏனென்றால் சேர்த்த தேதியைக் குறித்து வைத்துவிட்டால் குட்டி போடும் நாளைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடலாம். சராசரி 31 நாள். ஓரிரு நாள் முன்னே பின்னே ஆகலாம், 29லும் போடும், 33லும் போடும். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் சேர்ந்தே இருக்க விட்டால் இந்தக் கணக்கு கையை விட்டுப் போய்விடும். பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு உடனே திரும்ப எடுத்து வாருங்கள், தேதியைக் கூண்டிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டில் விடக் கூடாது, தன் இடம் என்று பெண் சண்டைக்குப் போகும்.

வயது முக்கியம். சிறிய இனங்களை 5 மாதத்துக்கு முன்பும், நடுத்தர இனங்களை 6 மாதத்துக்கு முன்பும், பெரிய இனங்களை 8, 9 மாதத்துக்கு முன்பும் சேர்க்காதீர்கள். வளராத உடம்பில் சினை பிடித்தால் தாய்க்கும் கேடு, குட்டிக்கும் கேடு. ரொம்பத் தள்ளிப் போட்டுக் கொழுக்க விடுவதும் நல்லதில்லை. கொழுத்த முயல் சினை பிடிப்பதே சிரமம், பிடித்தாலும் கடைசி வாரத்தில் வரும் ஒரு கொடிய நோய்க்கு அதுதான் முதல் பலி. அதைப் பின்னால் பார்ப்போம்.

திட்டமிடாமல் சினை ஆகிவிட்டது என்பவர்கள்தான் உண்மையில் நிறைய. கூடப் பிறந்த ஆணும் பெண்ணும் ஒன்றாகவே வளர்ந்திருக்கும், மூன்றரை, நாலு மாதத்திலேயே சேர்ந்துவிடும். இல்லை, வாங்கும்போதே சினையாக இருந்திருக்கும். விதையடித்த ஆணும் அடுத்த சில வாரங்களுக்குச் சினைப்படுத்தக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் பெண்ணை இன்றே தனியாகப் பிரித்துவிடுங்கள், இன்றிலிருந்து 35 நாள் வரை எந்த நாளும் குட்டி வரலாம் என்று எடுத்துக்கொண்டு பெட்டியை இப்போதே தயார் செய்யுங்கள்.

சினையா, பொய்ச்சினையா?

10ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் அடிவயிற்றை இரண்டு பக்கமும் விரல்களால் மெதுவாக வருடிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் வழுக்கிக்கொண்டு போகிற உருண்டைகள் தட்டுப்படும். பழகாத கைக்குக் குடலில் இருக்கும் புழுக்கைகூட அப்படித்தான் தோன்றும். புழுக்கை சிறியது, கெட்டியானது, முதுகெலும்பை ஒட்டி இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள், கரு கலைந்துவிடும். தெரியவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துவிடலாம்.

சேர்ந்தும் கரு நிற்காமல் போனாலோ, இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலோகூட பொய்ச்சினை வரும். முயல் முடியைப் பிடுங்கும், புல்லை வாயில் கவ்விக்கொண்டு அலையும், எரிச்சலாக இருக்கும், மடிகூட லேசாக வீங்கும். இது 16, 18 நாளில் தானாகவே அடங்கிவிடும். இங்கேயும் தேதிதான் கைகொடுக்கிறது. 17ஆம் நாள் முடி பிடுங்கினால் அது பொய்ச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், 29ஆம் நாள் பிடுங்கினால் இன்று இரவே குட்டி வரலாம்.

சினைக் காலத்தில்

காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும், தண்ணீர் ஒரு நிமிடம்கூட இல்லாமல் போகக் கூடாது. தீவனத்தைச் சட்டென்று மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் சினை என்று சொல்லி அடர்தீவனத்தை அள்ளிப் போட்டால் குட்டிக்குப் போகாது, தாயின் வயிற்றில் கொழுப்பாகத்தான் சேரும். குட்டிகள் வேகமாக வளர்வது கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாளில். அப்போது படிப்படியாகக் கூட்டிக்கொடுங்கள்.

இருபது நாளுக்கு மேல் அவசியம் இல்லாமல் தூக்காதீர்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் பின்னங்கால்களையும் இடுப்பையும் கையால் முழுசாகத் தாங்கிக்கொள்ளுங்கள், முயல் உதைத்துத் திமிறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். கடும் வெயிலும் காற்றோட்டம் இல்லாத கூண்டும் சினை முயலைக் கொன்றுவிடும், அதையும் கவனியுங்கள்.

இப்போது அந்த நோய். கடைசி வாரத்திலோ, குட்டி போட்ட முதல் சில நாளிலோ சினை முயல் திடீரென்று தீனியை விட்டுவிடும், சோர்ந்து ஒரே இடத்தில் உட்காரும், சிறுநீர் குறையும், மூச்சில் ஒரு புளித்த பழ வாடை அடிக்கும், நடை தள்ளாடும். இதைச் சினை நச்சு என்கிறார்கள். வயிறு முழுக்கக் குட்டிகள் அடைத்திருக்கும்போது தீனி குறைகிறது, உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை வேகமாகக் கரைக்கிறது, அதிலிருந்து வரும் கழிவு ரத்தத்தில் சேர்ந்து உயிரையே எடுக்கிறது. கொழுத்த முயலிலும், யாரோ சொன்னார்கள் என்று கடைசி நேரத்தில் பட்டினி போடப்பட்ட முயலிலும் அதிகம் வருகிறது. சினைக் காலத்தில் உணவைக் குறைத்து எடையை இறக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். குட்டி போடுவதற்கு முந்தின நாள் தீனி கொஞ்சம் குறைவது இயல்பு, ஆனால் பிடித்தமான இலையைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, அரை நாளாக எதையும் தொடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இதில் மணி நேரம்தான் கணக்கு.

பெட்டி, 27 அல்லது 28ஆம் நாள்

சீக்கிரமே வைத்தால் முயல் அதைக் கழிப்பிடமாக்கிவிடும், தாமதித்தால் குட்டி தரையில் விழும். தாய் உள்ளே போய்த் திரும்பி உட்காரும் அளவு இருந்தால் போதும், ரொம்பப் பெரிய பெட்டியில் குட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க் குளிர்ந்துவிடும். வாசல் பக்கத்து விளிம்பு ஏறக்குறைய 15 செ.மீ. உயரம் இருக்கட்டும், குட்டி ஊர்ந்து வெளியே வராது. அடியில் ஈரம் வடிய சிறு துளைகள், அதன்மேல் மரத்தூளோ மரச்சீவலோ, அதன்மேல் மென்மையான காய்ந்த புல்லை நிறைய அடைத்து, நடுவில் கையால் ஒரு குழி செய்துவிடுங்கள். வாசனை தூக்கலாக இருக்கும் மரச்சீவல் வேண்டாம். பழந்துணி, பஞ்சு, நூல் எதையும் போடாதீர்கள், நூல் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுக்கிவிடும்.

முயல் எந்த மூலையில் சிறுநீர் கழிக்கிறதோ அந்த மூலையில் பெட்டியை வைக்கக் கூடாது. கம்பித் தரைக் கூண்டு என்றால் பெட்டிக்கு வெளியே உள்ள இடத்திலும் ஒரு பலகையோ அட்டையோ போட்டுப் புல் பரப்புங்கள். தலையீற்று முயல் பெட்டிக்கு வெளியே போட்டுவிடுவது ரொம்ப சகஜம், கம்பியின் மேல் விழுந்த குட்டி சீக்கிரம் விறைத்துவிடும். நாய், பூனை, எலி, சத்தம் எதுவும் அண்டாத இடமாக இருக்கட்டும். ஆண் முயல் கண்டிப்பாகத் தனியே இருக்க வேண்டும், குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினை பிடித்துவிடும்.

குட்டி போடும் நேரம்

வயிற்றிலும் தாடைக்குக் கீழ் மடிப்பிலும் உள்ள முடியைப் பிடுங்கிப் பெட்டியில் பரப்பும். தலையீற்றில் சில முயல்கள் குட்டி போட்ட பிறகுதான் பிடுங்கும், சில பிடுங்கவே பிடுங்காது. பெரும்பாலும் இரவிலோ விடிகாலையிலோ போடும். சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக வந்து மொத்தமும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தலை முதலில் வந்தாலும் சரி, பின்பக்கம் முதலில் வந்தாலும் சரி, முயலில் இரண்டும் சாதாரணமாக வெளியே வந்துவிடும். தாய் நஞ்சுக்கொடியைத் தின்பதும் இயல்புதான், ரத்தம் பட்ட வாயைப் பார்த்துப் பதறாதீர்கள். இந்த அரை மணி நேரம் தள்ளி நில்லுங்கள். விளக்கைப் போட்டு, ஆளாளுக்கு எட்டிப் பார்த்து, படம் எடுத்தால் அது பயத்தில் குட்டியை மிதிக்கும்.

ஆனால் அரை மணி நேரமாக முக்குகிறது, ஒரு குட்டிகூட வரவில்லை என்றால் அது அவசரம். ரத்தமோ பச்சையும் பழுப்புமான நாற்ற நீரோ வருகிறது, குட்டி வரவில்லை என்றாலும் அப்படித்தான். தலையீற்றில் ஒன்றிரண்டு குட்டிகளே உருவாகி அவை பெருத்துப் போய் அடைத்துக்கொள்வது உண்டு, சேர்த்த தேதியிலிருந்து 33 நாள் தாண்டியும் போடவில்லை என்றால் அதையும் மனதில் வைத்து மருத்துவரிடம் போங்கள்.

குட்டி பாதி வெளியே வந்து சிக்கியிருந்தால் மட்டும் நீங்கள் கை வைக்கலாம். கையைக் கழுவி, மருத்துவ ஜெல் தடவி, ஈரத்துணியால் குட்டியைப் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும் அதன் வயிற்றுப் பக்கமாகக் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். அது முக்கவில்லை என்றால் இழுக்காதீர்கள். சில முயற்சியில் வரவில்லை என்றால் விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். உள்ளே விரலை விட்டுத் துழாவக் கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைத் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிப் போடவே போடாதீர்கள். குட்டி குறுக்கே அடைத்திருக்கும்போது அந்த ஊசி கருப்பையைக் கிழித்துவிடக்கூடும். அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே மருத்துவர் அதைப் போடுவார், அடைப்பு இருந்தால் அறுவை சிகிச்சை.

சில முயல்கள் இரண்டு மூன்று குட்டி போட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்து மிச்சத்தைப் போடும். இடையில் கலகலப்பாகத் தின்று குடித்து நடமாடினால் காத்திருக்கலாம். சுருண்டு உட்கார்ந்திருந்தால், வயிற்றில் உருண்டை இன்னும் தட்டுப்பட்டால், காத்திருக்க வேண்டாம்.

முதல் சில மணி நேரம்: குட்டிகளை எண்ணுங்கள்

மனித வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பதை நம்பித் தொடாமலே விட்டுப் பல குட்டிகள் வீணாகச் செத்திருக்கின்றன. வீட்டு முயல் உங்கள் வாடைக்குப் பழகியது. கையை அதன் படுக்கைப் புல்லில் தேய்த்துக்கொண்டு தாராளமாகத் தொடலாம். தாய்க்குப் பிடித்ததைக் கொடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, பெட்டியில் உள்ள குட்டிகளை எண்ணுங்கள், செத்ததையும் நஞ்சுக்கொடி மிச்சத்தையும் ஈரப் புல்லையும் எடுத்துப் போடுங்கள், உயிரோடு உள்ளதை எல்லாம் ஒரே குழியில் ஒன்றாகச் சேருங்கள். தாய் முடி பிடுங்கவில்லை என்றால் நீங்களே வயிற்றிலிருந்து பிடுங்குங்கள், இந்த நாளில் முடி இளகித்தான் இருக்கும், மெதுவாக இழுத்தாலே கையோடு வரும். காம்பைச் சுற்றி முடி குறைந்தால் குட்டிக்குப் பால் குடிக்கவும் எளிது.

சில்லென்று அசைவில்லாமல் கிடக்கும் குட்டியைச் செத்தது என்று உடனே தூக்கி எறியாதீர்கள். சட்டைக்குள் உங்கள் தோலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வையுங்கள். சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். உடம்பு நன்றாகச் சூடான பிறகும் அசையவில்லை என்றால்தான் அது செத்தது. குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள், ஜீரணிக்க முடியாது, முதலில் சூடு, அப்புறம்தான் பால். குட்டி வெளியே விழுந்தால் தாய் கவ்விக்கொண்டு போய் உள்ளே வைக்காது, நாய் பூனைக்கு உள்ள அந்தப் பழக்கம் முயலுக்கு இல்லை. பால் குடிக்கும்போது காம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வெளியே வந்து விழும் குட்டியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும், அதனால் காலையும் மாலையும் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

“தாய் பால் கொடுக்கவே இல்லை”

முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடம், பெரும்பாலும் யாரும் இல்லாத நேரத்தில். மற்ற நேரம் முழுக்கக் குட்டியை விட்டுத் தள்ளியே இருக்கும், ஏனென்றால் காட்டில் அது பக்கத்தில் இருப்பதே வேட்டை மிருகத்துக்கு வழிகாட்டிவிடும். அதனால் தாயைப் பார்க்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உப்பி உருண்டையாக இருக்கும், முதல் சில நாளில் மெல்லிய தோல் வழியே வெள்ளையாகப் பாலே தெரியும், அமைதியாகத் தூங்கும். குடிக்காத குட்டி தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, தொட்டதும் துள்ளிக் கீச்சிடும்.

பிறந்து ஒரு நாள் வரை பால் இல்லாமல் குட்டி தாங்கும். அதற்கு மேலும் வயிறு ஒட்டியே இருந்தால் தாயைத் தூக்கிப் பெட்டிக்குள் குட்டிகள் மேல் நிற்க வையுங்கள், முதுகில் கை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே ஐந்து பத்து நிமிடம் பொறுமையாக இருங்கள், குட்டிகள் தானாகக் காம்பைத் தேடிக்கொள்ளும். இப்படிக் காலை, மாலை இரண்டு வேளை செய்தால் பல தலையீற்று முயல்கள் இரண்டு மூன்று நாளில் தானாகவே கொடுக்க ஆரம்பித்துவிடும். அடித்து மிரட்டி உட்கார வைக்காதீர்கள்.

அதற்கு முன் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, கல் மாதிரி கெட்டியாக, சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அது மடிநோய். வலியில்தான் அது குட்டியை உதறுகிறது. மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை, அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மாத்திரைகளையும் கிளிண்டமைசினையும் முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் வந்து, முயல் செத்துவிடும். வீட்டில் மனிதருக்கு வாங்கிய மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள். மடிநோய் வந்த தாயின் குட்டிகளை வேறு தாயிடம் விடவும் வேண்டாம், அவற்றின் வாய் வழியாக நோய் அங்கேயும் போய்விடும்.

நோய் இல்லாத தாய், ஆனால் பாலே இல்லை, அல்லது இறந்துவிட்டது என்றால், இரண்டு மூன்று நாள் வயது வித்தியாசத்துக்குள் குட்டி போட்ட வேறு முயலிடம் விடுவதுதான் சிறந்த வழி. அந்தப் பெட்டியின் முடியை இந்தக் குட்டிகள்மேல் தேய்த்து நடுவில் சேர்த்துவிடுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு முயலுக்கு 8 அல்லது 10 காம்புதான், அதற்கு மேல் குட்டியைச் சுமத்தாதீர்கள். இரண்டு பெண் முயல் இருந்தால் ஒரே நாளில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதுவும் இல்லாதபோது புட்டிப்பால். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் சுமார் மூன்று மடங்கு, அதனால் பசும்பால் மட்டும் கொடுத்தால் குட்டி தேறாது, பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் மாவு இதற்கு நெருங்கி வரும். குட்டியை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக, அது விழுங்குகிற வேகத்துக்கு மட்டும் கொடுங்கள், அவசரப்பட்டால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிப்பக்கம் தடவிச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் பல குட்டிகள் பிழைப்பதில்லை, அதற்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியைத் தின்றுவிட்டால்

இதைப் பார்ப்பது கொடுமை. ஆனால் அந்த முயலைக் கொடியது என்று முடிவு கட்டாதீர்கள். பிறந்தபோதே செத்த குட்டியைத் தின்பது உண்டு. நஞ்சுக்கொடியைக் கடிக்கும்போது தவறிக் காதையோ காலையோ கடித்துவிடுவதும் உண்டு. தண்ணீர் இல்லாமை, சரிவிகித உணவு இல்லாமை, நாய் குரைப்பு, ஆட்கள் நடமாட்டம் இவையெல்லாம் காரணம். தலையீற்றில் நடந்தால் காரணத்தைச் சரிசெய்து இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். அமைதியான இடம், நல்ல தீனி, தண்ணீர் எல்லாம் இருந்தும் மறுபடி மறுபடி நடந்தால் அந்த முயலைச் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்த நாட்கள்

தாய்க்குத் தீவனத்தை முதல் நாளே குவிக்காமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். நாற்றமான கசிவு, காய்ச்சல், தீனி விடுதல் வந்தால் குட்டியோ நஞ்சுக்கொடியோ உள்ளே தங்கியிருக்கலாம், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். பெட்டியில் ஈரமான புல்லை மட்டும் மாற்றுங்கள், முடியைச் சேர்த்து வைத்துத் திரும்பப் போடுங்கள்.

குட்டி கண் திறப்பது 10 முதல் 12 நாளில். அதற்கு மேலும் ஒட்டியே இருந்தால் வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஓரமாகத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் திறந்துவிடும், உள்ளே சீழ் தெரிந்தால் மருத்துவர் சொட்டு மருந்து தருவார்.

மறுபடி எப்போது சேர்க்கலாம் என்றால், புதிதாக வளர்ப்பவர்கள் குட்டிகளைப் பிரித்து, தாய் இழந்த சதையைத் திரும்பப் பிடிக்கும் வரை பொறுங்கள், பொதுவாகக் குட்டி போட்டதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம். இனி குட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தால் கருப்பை நீக்கும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் அப்படிச் செய்யாத பெண் முயல்களில் வயதாகும்போது கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது.